பெய்ஜிங்குக்குப் போன பாயின்ட் கார்டு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்தது. தம்பி காலேஜ் முடித்துவிட்டான், கூடைப்பந்தில் அமெரிக்காவின் பெரிய லீகான என்.பி.ஏ. பக்கமிருந்து ஒரு அழைப்பும் இல்லை, ஐரோப்பாவில் ஒரு இரண்டாம் நிலை லீகில் ஆடக் கூப்பிடுகிறார்கள், அனுப்புவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். இத்தனை படிக்கவைத்தது இதற்குத்தானா என்று தங்கச்சி வருத்தப்படுவதாகவும் எழுதியிருந்தாய்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பர் படிக்கிறாள். மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. நான் இன்னும் காலையில் கூடைப்பந்துக் கோர்ட்டுக்குப் போகிறேன். முழங்கால் ஆடவிடுவதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு விசில் ஊதுவதோடு சரி.

உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஸ்டெஃபான் மார்பரிதான் நினைவுக்கு வந்தார். பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். நாம் ஆடிய காலத்துக்குப் பிந்தியவர் என்பதால் நீ அதிகம் கவனித்திருக்க மாட்டாய். புரூக்ளினில் கோனி ஐலண்டில் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் ஒருவர். அண்ணன்மாரும் பந்தாடியவர்கள்தாம், ஆனால் யாருக்கும் என்.பி.ஏ. வாய்க்கவில்லை. ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டியில் ஒரே வருஷம் படித்துவிட்டு, என்.பி.ஏ. டீம்கள் புது வீரர்களை வரிசையாகப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்டில் 1996-இல் நாலாவது ஆளாக எடுக்கப்பட்டார். மினசோட்டாவில் கெவின் கார்னெட்டோடு ஆடத் தொடங்கி, நியூ ஜெர்சி, ஃபீனிக்ஸ், நியூயார்க், பாஸ்டன் என்று 13 சீசனில் ஐந்து டீம். ஆட்டத்துக்கு சராசரி 19 பாயின்ட், ஏழெட்டு அசிஸ்ட் (அடுத்தவன் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்). 2001-லும் 2003-லும் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இவ்வளவு இருந்தும், பாஸ்டனில் கடைசியாகச் சேரும்வரை சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃபில் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. 'தனக்காக ஆடுகிறவன்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

நியூயார்க் டீமான நிக்ஸில் இருந்தபோது 2007 டிசம்பரில் அவருடைய அப்பா இறந்துபோனார். நியூயார்க்கில் மகன் ஆடிக்கொண்டிருந்த இரவு அது. ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று பல வருஷம் கழித்து அவரே டெலிவிஷனில் பேசியிருக்கிறார். அடுத்த சீசனில் சுமார் 2 கோடி டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் ஜனங்களே கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள்.

அவரை உட்காரவைத்த கோச் மைக் டி'ஆன்டோனி. அந்த மனிதரின் கதையையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் அமெரிக்க கார்டுதான். என்.பி.ஏ.வில் நிலைக்க முடியாமல் 1977-இல் இத்தாலிக்குப் போய் மிலானின் ஒலிம்பியாவில் சேர்ந்தார். 1990 வரை அதே கிளப். ஐந்து இத்தாலியப் பட்டம், 1987-லும் 1988-லும் ஐரோப்பியக் கோப்பை. ஆடி முடித்ததும் அந்த டீமுக்கே கோச் ஆனார். ஊரில் வேண்டாம் என்று விடப்பட்ட ஒருவர் வேற்று நாட்டில் பெரிய ஆளாகி, கோச்சாகத் திரும்பி வந்து, இன்னொரு கார்டை வேண்டாம் என்று உட்காரவைக்கிறார். அந்த மார்பரியும் கடைசியில் அதே வழியில் வெளிநாடு போகிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். இருவரில் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

2010 ஜனவரியில் மார்பரி சீனாவுக்குப் போனார். இறங்கியது ஷாங்காயிலோ பெய்ஜிங்கிலோ இல்லை. ஷான்சி மாகாணத்தின் தையுவான், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த குளிர்ப் பிரதேசம். முப்பத்திரண்டு வயது முடியப்போகிறது. தன் பெயரில் அவர் விற்றுவந்த ஸ்டார்பரி ஷூவுக்குச் சீனாவில் கடை விரிக்கலாம் என்ற நினைப்பும் இருந்தது. அந்த ஷூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வாங்கட்டும் என்று 2006-இல் 14.98 டாலருக்குக் கொண்டுவந்து, என்.பி.ஏ. ஆட்டத்தில் அதையே மாட்டிக்கொண்டு இறங்கியவர் அவர். தனக்காக மட்டும் ஆடுகிறவன் செய்கிற காரியமா அது?

தையுவானில் முதல் சீசனே ஜனங்கள் கொண்டாடினார்கள். ஆனால் அடுத்த சீசனுக்கு அந்த கிளப் அவரை வைத்துக்கொள்ளவில்லை. ஃபோஷானுக்குப் போனார், அது தோற்றுக்கொண்டே இருந்த டீம். மூன்றாவதாகத்தான் 2011-இல் பெய்ஜிங் டக்ஸ். வெளிநாடு என்றதும் முதல் நாளே மாலை போட்டு வரவேற்பார்கள் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெய்ஜிங்கில் நடந்ததுதான் விஷயம். சீன லீகில் அப்போது ஒரு டீமுக்கு இரண்டே வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் ஆடும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மீதி இடமெல்லாம் உள்ளூர்ப் பையன்கள். அக்டோபரில் வந்து, நாற்பது பாயின்ட் போட்டு, சம்பளத்தை வாங்கிக்கொண்டு வசந்தத்தில் பிளேன் ஏறுவதே வெளிநாட்டு கார்டுகளின் வழக்கம். மார்பரி அப்படிச் செய்யவில்லை. உள்ளூர்ப் பையன்களுக்குப் பந்தைக் கொடுத்தார், அவர்கள் தவறவிட்டாலும் திரும்பக் கொடுத்தார். கூடைக்குப் பக்கத்தில் நிற்க ராண்டால்ஃப் மாரிஸ் இருந்தார், அவரும் ஒருகாலத்து நிக்ஸ் வீரர். சீசனின் முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். ஃபைனலில் எதிரே குவாங்டாங், முந்தைய எட்டு பட்டங்களில் ஏழு பட்டங்களை வாங்கிய டீம். நாலுக்கு ஒன்று என்று அடித்தார்கள். 2012 மார்ச்சில் கடைசி ஆட்டம் 124-121. மார்பரி 41 பாயின்ட். அந்த கிளப்புக்கு அதுவே முதல் பட்டம். ஊர் அரங்குக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தது. 2014-இல் மறுபடி பட்டம், 2015-இல் மறுபடி. மூன்றாவது பட்டத்தின்போது வயது 38, ஃபைனலின் சிறந்த வீரரும் அவரே.

அந்த லீக் எளிது, அதனால்தான் ஜெயித்தார் என்று சிலர் சொல்வார்கள். என்.பி.ஏ.வை விட எளிதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதே லீகுக்கு எத்தனையோ என்.பி.ஏ. ஆட்கள் போய்ப் பாயின்ட் குவித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எந்த ஊரும் அவர்களை இப்படி மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மார்பரி மெட்ரோ ரயிலில் ஜனங்களோடு நின்றுகொண்டு போனார். பெய்ஜிங் பத்திரிகையில் பத்தி எழுதினார். சீனாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் பெய்ஜிங்கின் இன்னொரு டீமுக்காகக் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு, மறு வருஷம் அதற்கே கோச் ஆனார். டி'ஆன்டோனி மிலானில் செய்ததும் இதுதானே, பாலு. போன இடத்தைத் தன் ஊராக எண்ணியவர்களுக்குத்தான் அந்த ஊர் திறந்துகொடுத்தது என்று நான் திடமாக நம்புகிறேன். தம்பியிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

சின்ன வயசில் போவதால் கெட்டுவிடுவான் என்ற பயமும் வேண்டாம். பிராண்டன் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க கார்டு பள்ளிக்கூடம் முடித்த கையோடு 2008-இல் ரோமுக்குப் போனார். பெஞ்சில்தான் அதிக நேரம். ஆனாலும் மறு வருஷம் என்.பி.ஏ. டிராஃப்டில் பத்தாவது ஆளாக எடுத்தார்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இதைத் தங்கச்சிக்கும் படித்துக் காட்டு. வெளிநாட்டு ஆள் நாலு ஆட்டம் சரியாக ஆடாவிட்டால் முதலில் வெளியே போவது அவன்தான், உள்ளூர்க்காரன் இருப்பான். சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் கிளப்புகளும் உண்டு. அதனால் பணம் எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன, காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, வீடும் விமான டிக்கெட்டும் யார் தருவது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தகராறு வந்தால், உலகக் கூடைப்பந்து சங்கமான ஃபிபா ஏற்படுத்திய கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து இருக்கிறதா என்று கட்டாயம் பார். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே வழக்கு எடுப்பார்கள், ஆகவே கையெழுத்துக்கு முன்பே அது காகிதத்தில் ஏறிவிட வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்லும் உறுதியை நம்பாதே. முடிந்தால் அந்த கிளப்பில் முன்பு ஆடிய அமெரிக்கப் பையன் ஒருவனைத் தேடிப்பிடித்து, சம்பளம் ஒழுங்காக வந்ததா என்று தம்பியையே கேட்கச் சொல்.

இவ்வளவும் சரியாக இருந்தால் அனுப்பு. போவதற்கு முன் அந்த ஊர் பாஷையில் கொஞ்சமாவது படித்துக்கொள்ளட்டும். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் அவனுக்கு இன்னும் பலமில்லை என்று எழுதியிருந்தாயே, அவன் ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முடிவு எதுவானாலும் உடனே எழுது.

உன்,
கண்ணன்