ராத்திரியில் எழும் பெரியவர்கள்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து மருத்துவமனை நிர்வாகிகளுக்கு வணக்கமுங்க.

பெரியவர்களை அட்மிஷன் போடும்போது, அவர்கள் கீழே விழும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்க, பல இடங்களில் மோர்ஸ் அளவுகோலில் மதிப்பெண் போடுகிறார்கள். முன்பு விழுந்திருந்தால் 25, டிரிப்ஸ் ஓடினால் 20. மொத்தம் 45 வந்தால் பெரும்பாலும் ஆபத்துப் பட்டியல்தான். சரி, அதற்குப் பிறகு? மதிப்பெண் கேஸ் ஷீட்டோடு நின்றுவிடுகிறது.

விழுவது எங்கே என்று உங்கள் நைட் டூட்டி நர்சுகளைக் கேளுங்கள். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே என்பார்கள். நீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் மருந்தைச் சாயங்காலம் போட்டால் ராத்திரியில் ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வரும். பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்து, சட்டென்று எழுந்தால் கண்ணைக் கட்டும். உயரமான இரும்புக் கட்டில். இறங்க ஒரு ஸ்டூல், விளிம்பில் கால் பட்டால் கவிழும். பாத்ரூம் வாசலில் ஒரு படி, உள்ளே ஈரத்தரை.

பெல் இருக்கிறதே என்பீர்கள். நம்ம ஊர்ப் பெரியவங்க அதை அடிக்க மாட்டாங்க. "அந்தப் புள்ள பாவம், இப்பத்தான் உக்காந்துது" என்று தானாகவே எழுவார்கள். கட்டிலடியில் பாய் விரித்துத் தூங்கும் மகன் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவன். அவனையும் எழுப்ப மாட்டார்கள். பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டால், குழம்பிய நிலையில் இருப்பவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். அப்போது விழுவது இன்னும் உயரத்திலிருந்து.

அதனால் அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படுக்கும் முன்னும் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் நர்சே போய், "ஏனுங்கய்யா, ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துரலாமுங்ளா?" என்று கேட்டுக் கூட்டிப்போகட்டும். நீண்ட வார்டுக்கு ஒரே நர்சைப் போட்டுவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது என்பதும் தெரியும். ஆள் போடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவசரமில்லாத லாசிக்ஸை மதியத்தோடு முடிக்க முடியுமா என்று டாக்டர்களிடம் பேசுங்கள். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை எத்தனை பேர் தள்ளினாலும் அவர்மேல்தான் இடிக்கும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கும்படி இருக்கட்டும்.

இன்னொன்று, எனக்கு இதில்தான் கோபம். யாராவது விழுந்தால் அந்த ஷிப்ட் நர்சுக்கு மெமோ கொடுக்கிறீர்கள். மெமோவுக்குப் பயந்து, "லேசா வழுக்கினார், ஒண்ணுமில்லை" என்று மறைக்கத் தோன்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாமல் உள்ளே கசியலாம். உடனே டாக்டர் பார்க்க வேண்டும். மெமோவை நிறுத்துங்கள். எந்த நேரம், எந்தப் பாத்ரூம், என்ன மாத்திரை என்று பயமில்லாமல் எழுதச் சொல்லுங்கள். அதை மாதம் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்,
கோபிசெட்டிபாளையம்