பயந்தால் விசுவாசம் இல்லையா?

பாளையங்கோட்டை

அன்புள்ள சாமு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நம் சபை விருந்தான அசனத்தின் வேலையில் மாட்டிக்கொண்டதால் உடனே எழுத முடியவில்லை. இந்த வருஷம் அரிசிக் கணக்கு என் தலையில். கத்தரிக்காய் விலை ஏறியதற்குக்கூட என்னிடம்தான் நியாயம் கேட்கிறார்கள். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி கர்த்தர் கிருபையால் சுகம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வந்த பிறகு ராத்திரி விளக்கை அணைக்கவே பயமாயிருக்கிறது, நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றாலும் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "விசுவாசம் இருந்தால் பயம் எப்படி வரும் பிரதர்?" என்று கேட்டாராம், அன்றிலிருந்து நீ யாரிடமும் வாயே திறப்பதில்லையாம். அதைப் படித்ததும்தான் எனக்குச் சுள்ளென்று வந்தது.

அவர் பைபிளில் சங்கீதப் புத்தகத்தைச் சரியாக வாசித்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஐம்பத்தாறாம் சங்கீதத்தில், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார் தாவீது. அடுத்த வசனத்திலேயே "நான் பயப்படேன்" என்றும் சொல்கிறார். எங்கே மாட்டிக்கொண்ட நேரம் அது என்று பார். காத் ஊர், ராட்சத வீரன் கோலியாத்தின் சொந்த ஊர். கோலியாத்தைக் கல்லால் அடித்து விழத்தட்டிய அதே ஆள், அங்கே ராஜாவுக்குப் பயந்து பைத்தியக்காரன் மாதிரி நடித்து, வாசல் கதவுகளில் கீறிக்கொண்டு, தாடியில் எச்சில் வழிய நிற்கிறான். அவனை யாரும் விசுவாசமில்லாதவன் என்று சபையைவிட்டுத் தள்ளவில்லை. பைபிளில் 365 'பயப்படாதே' இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று உனக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் அத்தனை தேறாது. இருக்கிறவையும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னவைதானே.

இந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் மார்ட்டின் லூதர் கிங். 1956 ஜனவரி 27, அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மான்ட்கமரி. பேருந்துகளில் இருந்த நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதை முன்னின்று நடத்தும் போதகர் கிங்குக்கு வயது 27. முந்தின நாள்தான் 25 மைல் வேகத்தில் போகவேண்டிய தெருவில் 30 மைலில் போனார் என்று பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டு விட்டிருந்தார்கள். நடுராத்திரியில் தொலைபேசி அடிக்கிறது. ஊரைவிட்டுப் போகாவிட்டால் வீட்டையே தகர்த்துவிடுவோம் என்கிறது ஒரு குரல். மனைவியும் பிறந்து இரண்டு மாதமான பெண்குழந்தையும் தூங்குகிறார்கள். மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டார். கோழை என்ற பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்தாராம். இதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்பா போதகர், தாத்தா போதகர், இவர் இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த மேசையில் அது ஒன்றும் கைகொடுக்கவில்லை. தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு சத்தமாகவே ஜெபித்தார்: எனக்குப் பயமாயிருக்கிறது, என் பலம் தீர்ந்துவிட்டது, இனித் தனியாக முடியாது என்று. அப்போது, நீதிக்காக நில், நான் உன்னோடு இருப்பேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது என்கிறார்.

பிரசங்கத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அநேகமாக இங்கேயே ஆமென் போட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. நல்லவேளை, மனைவிக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடிவந்தவர், ஆயுதங்களோடு திரண்டிருந்த ஜனங்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அதன்பிறகு துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தார், தெரியுமா? கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் அவர் வீட்டுக்குத் துப்பாக்கியோடு ஆட்கள் காவல் இருந்தார்கள். துப்பாக்கியே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் பிற்பாடுதான் வந்தார். ஆக, கர்த்தரின் குரலைக் கேட்ட அந்த வாரத்திலேயே பயமும் கூட இருந்திருக்கிறது. புறக்கணிப்பும் நிற்கவில்லை, 381 நாள் நடந்தது. எனக்கு இந்தப் பின்பாதிதான் பெரிய சாட்சியாகப் படுகிறது.

அதனால் பயம் போகட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதே. ராத்திரி முழிப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, செத்துப்போய்விடுவேனோ என்று பயமாயிருக்கிறது ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல். அழகான ஜெபமாக இருக்கவேண்டியதில்லை. மேரியையும் எழுப்பு. அவளுக்குத் தெரியக்கூடாது என்று நீ போர்வைக்குள் நாடி பிடிப்பது அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நெஞ்சில் வரும் குத்தலையும் தூக்கமில்லாததையும் மறைக்காமல் சொல்லிவிடு. அதைச் சொல்வதால் விசுவாசத்துக்கு ஒரு குறைச்சலும் வராது.

பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்னால் அசனத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள். ராத்திரி மாடியில் உன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன், ஹாஸ்டலில் கிடந்த மாதிரி. விளக்கு எரிந்தாலும் எனக்குத் தூக்கம் வரும். பந்தியில் மட்டும் உனக்குக் கறிக்குழம்பு கிடையாது, சொல்லிவிட்டேன். ரசத்துக்கு மேலே கை நீட்டினால் மேரியிடம் சொல்லிக்கொடுப்பேன்.

அன்புடன்,
ஜேக்கப்