பரணில் கிடக்கும் அம்புலிமாமாவுக்கு ஓர் அலமாரி வேண்டும்

அன்புடையீர்,

வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஓட்டுக் கட்டடம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு வாடகையே வேண்டாம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். சிறுவர் இலக்கியத்துக்கென்றே அங்கே ஒரு வாசிப்பறை அமைக்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தாங்கள் படித்து வளர்ந்ததை மறுபடி படிக்க விரும்பும் பெரியவர்களுக்கும்தான்.

இந்த எண்ணம் ஒரு தகரப் பெட்டியில் பிறந்தது. காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு அதை எங்களிடம் தூக்கிவந்தார். காலிகோ துணியால் முதுகு வைத்துப் பைண்டு செய்த அம்புலிமாமா சிறுவர் மாத இதழ்கள், முத்து காமிக்ஸ் சில, மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த படப் புத்தகங்கள். பக்க ஓரங்களில் ஊதா மையில் அவர் பெயர், கூடவே 'ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு'. ஓரிடத்தில் மாம்பழம் தின்ற கையோடு புரட்டிய விரல் ரேகை, பழுப்பேறி, அப்படியே இருந்தது.

அடுக்கி வைக்கத்தான் நான்கு பேர் உட்கார்ந்தோம். யாரும் அடுக்கவில்லை. விளக்குப் போடும்வரை ஆளுக்கொன்றாகப் படித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பேச்சு அம்புலிமாமாவில் வந்த வேதாளக் கதைகளுக்குப் போயிற்று. சிறுவயதில் எங்கள் எல்லோருக்கும் விக்கிரமாதித்தன்மேல் கோபம். வாயைத் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும் என்று தெரிந்தும் ஏன் பதில் சொல்கிறான்? இப்போதோ கண் வேறிடத்தில் நின்றது. விடை தெரிந்தும் சொல்லாமலிருந்தால் தலை சுக்குநூறாகும் என்பது நிபந்தனை. சொன்னால் காரியம் கெடும், சொல்லாவிட்டால் தலை போகும். வீட்டிலும் வேலையிடத்திலும் அந்த இக்கட்டில் நின்று பார்த்த பிறகே கதையின் கனம் எங்களுக்குத் தெரிந்தது. பத்து வயதில் நாங்கள் பார்த்ததெல்லாம் ஓவியர் சங்கர் வரைந்த உருவிய வாளையும் தோளில் தொங்கும் பிணத்தையும்தான். குழந்தைகளுக்கான எழுத்து குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

ஆனால் படிக்கப் பிரதி வேண்டுமே! 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சோவியத் புத்தகங்களின் வரத்து 1991-ஓடு ஓய்ந்தது. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் எழுதியவற்றின் பழைய பதிப்புகள் பழைய பேப்பர்காரரின் தராசுக்கும் உங்கள் வீட்டுப் பரணுக்கும் நடுவே எங்கோ இருக்கின்றன.

மலையில் இவற்றைக் காப்பது எளிதல்ல. மழையும் மூடுபனியும் சேர்ந்த மாதங்களில் ஒரு வாரம் திறக்காத புத்தகத்தில் பூஞ்சை பூத்துவிடும். பசையைத் தேடிவரும் இராமபாணப் பூச்சி முதுகைத்தான் முதலில் அரிக்கும். அந்தப் பெட்டியிலேயே பாதிக்கு மேல் துளை விழுந்தவை. பூச்சி அண்டாதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்து மறுபடி பைண்டு செய்துதர சேலத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மொத்தத் தேவை ரூ. 2,40,000. கூரையைச் செப்பனிட ரூ. 1,10,000, கண்ணாடிக் கதவுள்ள எஃகு அலமாரிகள் ஆறுக்கு ரூ. 90,000, நூறு தொகுதிகளைப் பைண்டு செய்ய ரூ. 40,000. குழுவினர் கையிலிருந்து போட்டது ரூ. 85,000. மிச்சத்துக்குத்தான் உங்கள் கதவைத் தட்டுகிறோம். ரூ. 400 கொடுத்தால் ஒரு தொகுதி பிழைக்கும்.

கூரை வேலை முடியும்வரை காத்திருக்க மனமில்லாமல், ஞாயிறு பிற்பகல்களில் திண்ணையிலேயே வாசிப்பு தொடங்கிவிட்டோம். காப்பிப் பழம் பறிக்கப் போகும் அம்மா ஒருவர் பேத்தியோடு வருகிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறுமி வாசிப்பாள், இவர் கேட்பார். போன வாரம் பேத்தி ஒரு பத்தியைத் தாண்டிப் போனபோது, "அதை விட்டுட்டியே, கண்ணு" என்று பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

நன்கொடையை வாசிப்பறையிலேயே நேரில் தரலாம். ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவைத் திண்ணைச் சுவரில் மாதந்தோறும் ஒட்டுவோம். சேலத்திலிருந்து வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாசிப்பு நேரத்துக்கே வந்து சேரலாம்.

பணத்துக்குப் பதில் பழைய புத்தகங்கள் தருவதானாலும் மகிழ்ச்சியே. ஒரு வேண்டுகோள் மட்டும்: பெட்டியைத் திறக்காமலே கொடுத்துவிடாதீர்கள். ஒருநாள் உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசிப்பறை அமைப்புக் குழுவினர்,
ஏற்காடு