ஆயில் ட்ரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இனி வண்டியை நீயே சர்வீஸ் செய்யப் போவதாக எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இறுக்கும் பலத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் இல்லாமல் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டிருந்தாய் அல்லவா?

போன வருஷம் நான் பட்ட பாட்டைக் கேள். ஆயில் மாற்றிவிட்டு, இன்ஜின் அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட்டை மாட்டினேன். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி அழுத்தினேன். நன்றாக இறுகிக்கொண்டே வந்தது, திடீரென்று கை லேசாகிப் போனது. வயிற்றைப் பிசைந்தது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருக்கிறது. இன்ஜின் பக்கத்து மரை மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. அப்புறம் லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுத்தான் வண்டி நகர்ந்தது.

போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது இழுபட்டு லேசாக நீள்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுப்புக்குப் போகிறது, மற்றதெல்லாம் உராய்வுக்கு. அதனால் மரையில் ஆயில் பட்டிருந்தால் அதே பலத்துக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். மேனுவலில் ஆயில் போடச் சொல்லாத இடத்தில் மரையைத் துடைத்துவிட்டு மாட்டு.

இப்போது நான் செய்வது இதுதான். சாமான் எடை பார்க்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. ட்ரெயின் போல்ட்டுக்கு மேனுவலில் 24 நியூட்டன் மீட்டர் (திருகும் பலத்தின் அளவு) போட்டிருக்கிறது என்று வை. போல்ட்டின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் தராசுக் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழு. 24-ஐ 0.2 மீட்டரால் வகுத்தால் 120 நியூட்டன், அதாவது சுமார் 12 கிலோ. முள் அதைத் தொட்டதும் நிறுத்து. நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அந்த அளவு கைக்கே பழகிவிடும். பிறகு தராசு இல்லாமல் இறுக்கிவிட்டு, தராசை மாட்டிச் சரிபார்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடுகிற 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். நீள ஸ்பேனராக இருந்தால் தலைப்பக்கமாகப் பிடித்துத் திருகு. கவரில் நாலைந்து போல்ட் இருந்தால் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. புது ஸ்பார்க் பிளக்கை விரலால் திருகி, வாஷர் உட்கார்ந்ததும் அரைச் சுற்று. பழைய பிளக் என்றால் கால் சுற்றுக்கு மேல் போகாதே.

சிலிண்டர் ஹெட்டை மட்டும் இப்படிக் கைக்கணக்கில் தொட்டுவிடாதே, சொல்லிவிட்டேன். அதற்கு டார்க் ரென்ச் கண்டிப்பாக வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். தராசையும் எடுத்து வருகிறேன், ஆயிலை அன்றைக்கே மாற்றிவிடலாம். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் ஒன்று வாங்கி வை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி