இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவுக்கு வந்திருக்கிறது. விளையாட்டிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் பிள்ளைகள் பாடசாலைக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். சிரமதானத்துக்கு வந்து வேலி அடைத்துத் தந்த பழைய மாணவர்களுக்கு நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

யூலை 15, உலக இளைஞர் திறன்கள் தினத்தன்று எங்கள் மாணவர் திறன் கழகம் ஒரு சிறு கண்காட்சி வைத்தது. அந்த நாளை ஐ.நா. பொதுச்சபை 2014இல் பிரகடனம் செய்தது. பிரேரணையை முன்னின்று கொண்டுபோனது இலங்கைதான் என்று காலைக் கூட்டத்தில் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. தரம் 12 மாணவி ஒருத்தி நீரிறைக்கும் மெசினைப் பிரித்துப் பூட்டிக் காட்டினாள். கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே உரச்சாக்கின் மேல் அடுக்கி வைத்தாள். டீசல் குழாயில் நின்ற காற்றை எடுத்துவிட்டு இயக்கியதும் மெசின் உடனே பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு கமக்காரர், "எங்கட மெசினையும் ஒருக்கா வந்து பார்க்கிறியா பிள்ளை?" என்று கேட்டார்.

அதே கண்காட்சியில் இரண்டு மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றுக்குரிய பிள்ளைகள் பயிற்சிக்கு வராததால் செய்து காட்டத் தெரியவில்லை. நான் முக்கியமாக எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

தொழிற்பாடப் பிரிவில் சாதாரண வகுப்பு நாட்களில் வரவு குறைவில்லை. தொழிற்கூடப் பயிற்சி நாட்களில்தான் விழுகிறது. "இன்றைக்குப் பாடம் இல்லைத்தானே, வயலுக்கு வா" என்று சில வீடுகளில் பிள்ளையை மறித்துவிடுகிறார்கள். சிறுபோக அறுவடைக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பிரிவில் பாடமே அந்த நாட்களில்தான் நடக்கிறது. முதல் நாள் பிரிப்பார்கள், அடுத்த நாள் துப்புரவாக்கி அளவு பார்ப்பார்கள், மூன்றாம் நாள் பூட்டுவார்கள். நடுநாளை விட்ட பிள்ளை மூன்றாம் நாள் வந்து மற்றவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கொப்பியைப் பார்த்து எழுதி ஈடுசெய்ய முடியாது.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009க்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு எத்தனையோ குறுகிய காலப் பயிற்சிகள் வந்தன. சான்றிதழும் ஒரு படமும் தந்துவிட்டுப் போனார்கள். அந்தச் சான்றிதழ்களோடு வேலை தேடிப் போனவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். எங்கள் தொழிற்பாடப் பிரிவு அந்த வகை இல்லை. 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சிகளை ஒழுங்குபடுத்தும் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு உருவானது. 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வி தொடங்கி, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு எப்படி இருந்தாலும் தரம் 12இல் தொழில் படிக்கலாம் என்று வழி திறந்தது. இதில் கிடைக்கும் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 நாடு முழுவதும் செல்லும். அதிலிருந்து மட்டம் 5, 6 டிப்ளோமாவுக்கும் 7 பட்டத்துக்கும் ஏறலாம். ஜெர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறந்த தொழிற்பயிற்சி நிறுவனம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. அரசுகள் மாறியும் இந்த ஏற்பாடு நிலைத்து நிற்கிறது.

மாணவர் திறன் கழகத்துக்காகப் பிள்ளைகளைப் பின்னேரம் மறிப்பது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு இப்படியான ஒரு மாணவர் சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பாடசாலைத் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கும் சட்டத்தில் 1917இல் ஜனாதிபதி வில்சன் ஒப்பமிட்டார். 1928இல் விவசாயம் படிக்கும் மாணவர்களுக்கென ஒரு சங்கம் உருவானது. 1950இல் ஜனாதிபதி ட்ரூமன் அதற்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார். ஜிம்மி கார்ட்டர் என்ற, கச்சான் பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளையும் அதில் அங்கத்தவராக இருந்தார். 1977இல் ஜனாதிபதியானார். பதவி முடிந்த பிறகும் தன் கையாலேயே மரத்தளபாடம் செய்தார். கச்சான் விளைகிற எங்கள் மண்ணில் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன். கூட்டம் நடத்தவும், நாலு பேர் முன் தன் வேலையை விளக்கவும், விலை சொல்லவும் பிள்ளை பழகுவது கழகத்தில்தான்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தவணையிலிருந்து தொழிற்கூட நாட்களின் வரவு தனியாகப் பதியப்படும். அது 80 வீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளையின் பெயரை என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு நான் அனுப்பமாட்டேன். வேலை தெரியாத பிள்ளைக்குத் தெரியும் என்று கையொப்பமிட என்னால் ஏலாது. யார் வந்து கதைத்தாலும் இதில் மாற்றம் இல்லை. "ஓ.எல். சரிவராததால்தான் இதில் விட்டிருக்கிறோம்" என்று பிள்ளையின் முன்னால் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த நாள் தலை குனிந்துகொண்டு வருவதை நாங்கள் பார்க்கிறோம்.

அறுவடைக்குப் பிள்ளை கட்டாயம் தேவை என்றால் ஒரு கிழமை முன்னதாக வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பயிற்சி நாளை மாற்ற முடியுமா என்று பார்ப்போம். இடம்பெயர்ந்து திரும்பி, கூரை இல்லாத காலத்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்கள் நீங்கள். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மனமார்ந்த நன்றி.

தரம் 12 பெற்றோர் கூட்டம் அடுத்த தவணையின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. வர முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள், வேறொரு நாளில் தனியாகச் சந்திக்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்