3500 எலோ என்று போட்டிருக்கிறார்களே

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தது கேட்டு மனசு நிறைந்தது. அவளுக்கு வாங்கப்போகும் செஸ் மென்பொருளின் விளம்பரத்தாளையும் பார்த்தேன். "3500 எலோ" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. யாரோடு ஆடி, எந்தக் கணினியில், எத்தனை நிமிட ஆட்டத்தில் வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. பணம் கட்டிவிடாதே.

எலோ என்பது செஸ் ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண்; அது கிலோ மாதிரி தனியே நிற்கும் அளவு இல்லை. ஒரே கூட்டத்துக்குள் ஆடியவர்களுக்கு இடையிலான வித்தியாசம், அவ்வளவுதான். 100 எலோ கூட இருந்தால் நூறு ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி எடுப்பார்கள். 200 என்றால் 76. எஞ்சின்கள் (செஸ் ஆடும் நிரல்கள்) தங்களுக்குள் ஆடி வாங்கிய 3500ஐ, உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன் 2014இல் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) பட்டியலில் தொட்ட 2882க்குப் பக்கத்தில் வைப்பது, இரண்டு பள்ளிக்கூடத்து ராங்க் அட்டைகளை ஒப்பிடுவது போல.

2017 டிசம்பரில் வெளியான முடிவுப்படி, கூகுளின் ஆல்ஃபாஜீரோ எஞ்சின், ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற எஞ்சினை நூறு ஆட்டத்தில் எதிர்கொண்டது: வெற்றி 28, டிரா 72, தோல்வி இல்லை. கேட்டால் மலைப்பாக இருக்கும். வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று கணக்குப் போட்டால் 64 புள்ளி, அதாவது 100 எலோ. அதிலும் நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டதால், சிக்கலான இடத்தில் கூடுதல் நேரம் எடுக்கும் ஸ்டாக்ஃபிஷின் திறமை வீணானது. அதன் 64 த்ரெட்டுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் கணக்குகள்) ஹேஷ், அதாவது பார்த்த நிலைகளைச் சேமிக்கும் நினைவகம், வெறும் 1 ஜிபி. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் ஆளுக்கு 3 மணி நேரமும் நகர்வுக்குக் கூடுதலாக 15 விநாடியும், ஹேஷ் 32 ஜிபியும் கொடுத்து ஆயிரம் ஆட்டம் வைத்தார்கள். வெற்றி 155, தோல்வி 6, மீதி டிரா. ஆல்ஃபாஜீரோ அப்போதும் பலசாலிதான், ஆனால் வித்தியாசம் 50 எலோ அளவுக்கு இறங்கிவிட்டது.

நீயே சோதிக்கலாம். எஞ்சின்களை மோதவிடும் க்யூட் செஸ் என்ற மென்பொருள் இலவசம். இரண்டு எஞ்சினுக்கும் ஒரு த்ரெட், ஒரே அளவு ஹேஷ் கொடு. எதிராளி நேரத்தில் யோசிக்கும் வசதியை அணைத்துவிடு. ஒவ்வொரு ஓப்பனிங்கையும் (தொடக்க நகர்வு வரிசை) நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடு, இல்லாவிட்டால் வெள்ளைக்குச் சாதகமான வரிசை ஒரு பக்கமே போய்ச் சேரும். ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 விநாடி, நகர்வுக்குக் கூடுதலாக 0.1 விநாடி போதும். ஆயிரம் ஆட்டம் ஒரு ராத்திரியில் முடியும். நூறோடு நிறுத்தாதே, பிழை இரு பக்கமும் 40, 50 எலோ வரும். "30 எலோ முன்னேற்றம்" என்ற விளம்பரமெல்லாம் அதற்குள்ளேயே மறைந்துவிடும். ஆயிரத்தில் அது 15 அளவுக்குக் குறையும்.

இன்னொன்று: காசு கொடுக்குமுன் உள்ளே ஓடுவது யாருடைய எஞ்சின் என்று கேள். 2021இல் செஸ்பேஸ் நிறுவனம் விற்ற ஃபேட் ஃபிரிட்ஸ் 2 எஞ்சினில் நிலையை மதிப்பிடும் நரம்பு வலைதான் வேறு, நகர்வுகளைத் தேடுவதெல்லாம் ஸ்டாக்ஃபிஷ். அதற்காக ஸ்டாக்ஃபிஷ் குழு போட்ட வழக்கு 2022 நவம்பரில் சமரசமாயிற்று. ஸ்டாக்ஃபிஷ் எப்போதும் இலவசமாகவே கிடைக்கிறது.

மகளுக்கு அதுவே போதும், பலத்தைக் குறைத்து வைக்கலாம். ஆனால் "1800" நிலையை ஜெயித்தாள் என்று அவளிடம் 1800 சொல்லாதே. அந்த எண்ணும் எஞ்சின் பட்டியலை வைத்துப் போட்டதுதான். ஆயிரம் ஆட்டத்தின் முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய செஸ் கூட்டாளி