தெளிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மருந்து தெளிப்புக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பழத்தோட்டங்களில் போன மாதம் நடந்த தெளிப்பு பற்றி உங்களுக்குத் தெரியும். அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, எங்கள் பட்டுப்புழுவுக்குத் தழை தரும், ஒட்டியிருக்கும் மல்பெரித் தோட்டங்களில் அப்புறம் என்ன ஆனது என்பதெல்லாம் பட்டுப்புழு வளர்க்கும் எங்கள் மனுக்களில் இருக்கிறது. மனுவில் எழுத இடமில்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

புழு செத்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சாகவில்லை. நான்காவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்தில் நன்றாகவே தின்றது. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் போகும். ராத்திரி தழை போட்டால் விடிவதற்குள் காம்புதான் மிஞ்சும். அந்த வாரம் முடிந்ததும் புழு தீனியை விட்டு, உடம்பு மஞ்சள் தட்டி, தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேட வேண்டும். எங்கள் புழு தேடவில்லை. தின்றது. மறுநாளும் தின்றது. வெள்ளைவெளேரென்று, வழக்கத்தைவிடப் பெரிதாக, தழைமேல் கிடந்தது. நாங்களும் வேறு வழியில்லாமல் தழை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தோம். எடுத்துச் சந்திரிகையில், அதாவது கூடு கட்ட விடும் தட்டியில் விட்டால், சில புழுக்கள் இங்குமங்கும் கொஞ்சம் நூலை விட்டுவிட்டு ஊர்ந்து போயின. கூடு என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை. பார்க்க வந்த உங்கள் அலுவலர், "புழு நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஆமாம் ஐயா, நன்றாகத்தான் இருந்தது. கூடுதான் இல்லை.

உடம்பில் இளமை ஹார்மோன் வற்றினால்தான் புழு கூடு கட்டும் நிலைக்கு வரும். அன்று தெளித்த மருந்து அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்கிற வகை. தழையில் கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்தாலே போதும், புழு புழுவாகவே தங்கிவிடும். இது புதுச் சங்கதியும் இல்லை. பழத்தோட்டங்களில் தெளித்த ஃபினாக்ஸிகார்ப் என்ற மருந்தால் வட இத்தாலியின் பட்டு வளர்ப்பாளர்கள் 1980களின் இறுதியிலிருந்து இதே அடியை வாங்கியிருக்கிறார்கள். அனுமதி தருகிற உங்களுக்கு இது தெரியாது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் கேட்பது தெளிப்பை நிறுத்தச் சொல்லி அல்ல. பழத்தோட்டக்காரருக்கும் பூச்சித் தொல்லை உண்டு. ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், மல்பெரியை ஒட்டி இடைவெளி விடுங்கள். அவ்வளவுதான். முன்கூட்டித் தெரிந்தால் முட்டையைக் குளிரில் வைத்துப் பொரிப்பைத் தள்ளிப் போடுவோம், இல்லை காற்று படாத தோட்டத்தில் தழைக்கு ஏற்பாடு செய்வோம்.

"அப்படியானால் உயிரி மருந்து அடிக்கச் சொல்கிறோம், பயமில்லை" என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸைத்தானே சொல்கிறீர்கள்? அந்த நுண்ணுயிரியை 1901ல் ஜப்பானில் இஷிவாட்டா முதன்முதலில் பிரித்தெடுத்ததே நோய் கண்டு செத்த பட்டுப்புழுவிலிருந்துதான். யாருக்குப் பயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். டப்பாவில் தேனீக்கு எச்சரிக்கை இருக்கிறது, மீனுக்கு இருக்கிறது. பட்டுப்புழுவுக்கு ஒரு வரி அச்சடிக்க மை தீர்ந்துவிட்டதா? காட்டுப் புழுவாவது செடி மாறிப் போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் கையிலேயே வளர்ந்த இது, தட்டில் போட்டதைத் தின்பதைத் தவிர வேறு அறியாது.

இழப்பீட்டுப் படிவமும் வந்தது, நன்றி. கால்நடைப் படிவம். காது அடையாள எண் கேட்கிறார்கள். புழுவுக்கு எங்கே காது தேடுவது என்று கொட்டகையில் எல்லாரும் சிரித்தோம். அதற்கு மட்டுமாவது அந்தப் படிவம் உதவியது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முட்டைத் தொகுதிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த தெளிப்புக்கும் நீங்கள் அனுமதி கொடுத்திருப்பீர்கள். அந்தத் தேதியை ஒரு வாரம் முன்னால் எங்களுக்குத் தெரிவிக்கும்படியும், மல்பெரி ஓரம் இடைவெளி விட உத்தரவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தகவல் பலகையில் ஒரு தாள் ஒட்டினாலும் போதும், வந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டுப்புழு வளர்ப்போர் சார்பில் ஒருவர்